நைனா நின்ற வளைவுகள்

போன மாதம் ஒரு மத்தியானம் நான் செத்துப்போனேன். அப்படித்தான் நினைத்தேன். மனைவி துபாயில் நர்ஸ், மகளும் அங்கேயே படிக்கிறாள். பெங்களூர் வீட்டில் நானும் ஃப்ரிட்ஜும்தான். நெஞ்சைப் பிடித்தவுடன் எனக்கு வந்த முதல் கவலை, உள்ளே இருக்கும் மூன்று நாள் சாம்பாரை யார் கொட்டுவார்கள் என்பது. மனைவிக்கு போன் போட்டுத் தழுதழுத்த குரலில் இன்ஷூரன்ஸ் காகிதம் இருக்கும் அலமாரியைச் சொன்னேன். அவள் நிதானமாகக் கேட்டாள்: "மத்தியானம் இன்னா துன்னீங்க?"

வாயுதான். ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்தவனைச் சும்மா விடவில்லை. ஸ்கேனில் இதயத்து ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் முனையில் லேசாகக் கொழுப்பு படிந்திருந்தது. "பயப்படாதீங்க, அது வழக்கமா படியற இடந்தான்" என்றார் டாக்டர், மாடிக்குக் குடிவந்தவரை அறிமுகப்படுத்துவதுபோல. குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு என்றேன். எந்த வயதில்? இப்போதைய என்னைவிடச் சின்ன வயதில்.

நைனா குவைத்தில் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டு மாதம் எங்களோடு இருப்பார். ஆந்திர எல்லையோரம் எங்கள் புத்தூர்ப் பக்கத்தில் குவைத்துக்குத் திரும்புகிறவர்கள் விமானம் ஏறுமுன் திருப்பதி மலையை நடந்தே ஏறி மொட்டை போட்டுக்கொள்வது வழக்கம். நான் சின்னப் பையனாக இருந்த ஒரு முறை என்னையும் கூட்டிப்போனார். அம்மா மாட்டை விட்டு வர முடியவில்லை. ஒரு முழு நாள் நைனா எனக்கு மட்டும்! முதல் நாள் ராத்திரி நான் தூங்கவே இல்லை.

படியேறும்போது நைனா ஒவ்வொரு வளைவிலும் நின்றார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டுவார். "அதோ பார்றா, ரயிலு." அடுத்த வளைவில், "அதோ பார்றா, நாம எறங்கின பஸ் ஸ்டாண்டு." என்னிடம் அவர் அவ்வளவு பேசியதே இல்லை. அடுத்த வளைவு எப்போது வருமென்று நான் முன்னால் ஓடினேன்.

பாதி மலையில் இருக்கும் பெரிய கோபுரத்துக்குக் கொஞ்சம் கீழே, எதையும் காட்டாமல் உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பிறகு, "வாடா, எறங்கலாம்" என்றார்.

ஊரே கோவிந்தா சொல்லி ஏறும் படியில் நாங்கள் இருவர் மட்டும் எதிர்ப்பக்கம் இறங்கினோம். படிக்கு மஞ்சள் பூசிக்கொண்டு வந்த ஒரு அம்மாள் மறித்தாள். "ஏம்ப்பா, பாதியில எறங்கறியே, சாமி காத்துக்கினு கீறாரு இல்ல?"

நைனா யோசிக்கவே இல்லை. "இன்னா பண்றது, பையனுக்கு வயிறு கலக்கிக்கினு கீது."

என் வயிறு கல்லுமாதிரி இருந்தது. இறங்கும் வழியெல்லாம் பத்துப் பேராவது என் டவுசரைப் பார்த்தார்கள்.

அடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நைனாவின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி எடுத்துப் பார்த்த டாக்டர், மேஜைமேல் விரலால் ஒரு கவட்டை வரைந்தார். தெலுங்கில்தான் சொன்னார்; எங்களுக்குத் தமிழும் தெலுங்கும் ஒன்றுதான். "நேரா போற குழாய்ல ரத்தம் சீரா ஓடும். கிளை பிரியற முனை, வளையற இடம், அங்கதான் ஓரமா சுழலும், மந்தமாப் போவும். பீடியும் கொழுப்பும் உடம்பு பூரா சுத்தினாலும் குந்தறதுக்கு அந்த ஓரத்தைத்தான் தேடும்."

"ரோட்டு மூலையில வண்டியப் போட்டுக்கினு குந்தினு கீற ஆட்டோக்காரன் மாதிரின்னு சொல்லு சார்" என்றார் நைனா. டாக்டர் சிரிக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு உடனே மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். நைனா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "குவைத்துல லீவு கெடையாது சார். ஒடம்பு சரியில்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார்.

மொட்டையைக் கீழேயே அடித்துக்கொண்டோம். மலையிலிருந்து இறங்கி வந்த ஒருவரிடம் குவைத் சென்ட் பாட்டிலைக் கொடுத்து இரண்டு லட்டு வாங்கினார். "அம்மாகிட்ட சொல்லாத, இன்னா?" அம்மா லட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தரிசனம் எப்படி என்று கேட்டாள். "திவ்யமா ஆச்சி" என்றார் நைனா. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு ரகசியம் இருந்தது. அந்தப் பெருமையில், வயிறு கலக்கிய அவமானத்தைக்கூட மன்னித்துவிட்டேன்.

அடுத்த வாரம் கிளம்பினார். பெட்டியைச் சித்தப்பா சைக்கிளில் வைத்து முன்னால் தள்ளிப்போனார். நானும் நைனாவும் பின்னால் பஸ்ஸுக்கு நடந்தோம். ரோடு கரும்புக்கொல்லைப் பக்கம் திரும்பும் வளைவில் நைனா நின்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினார்.

"அதோ பார்றா."

பார்த்தேன். வெறும் கரும்பு. ரயிலில்லை, பஸ் ஸ்டாண்டு இல்லை. என்னவோ காட்டுகிறாரே, தவறவிடக் கூடாதே என்று கண்ணை இடுக்கி இடுக்கிக் கரும்புக்குள் தேடினேன். தோளில் இருந்த கை கனத்துக்கொண்டே போனது. பஸ் ஹார்ன் அடிக்கும்வரை நான் கரும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.