ஒரே ஒரு கேபின்தான் காலி, சார்

ஏரிக்கரையில் இரண்டு நாள் நிம்மதியாக இருக்கணும் என்று வருகிறவர்களுக்கு அந்த நிம்மதியை ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டு, நாம் மட்டும் அது இல்லாமல் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர்தான் என் தொழில்.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் ஆபீஸ். மலை மேல் பெரிய ஏரிகளின் ஓரமாக இருக்கிற மரக் கேபின்கள், படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற கேரவன் வண்டி, இதெல்லாம் புக் பண்ணித் தருவேன். குடும்பத்தைக் கிளப்பிக்கொண்டு ஒரு தடவையாவது வெளியூர் போனவர்களுக்கு என் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. ஒருத்தருக்கு மலை வேணும், ஒருத்தருக்கு டிவி வேணும், ஒருத்தருக்கு ஒண்ணுமே வேண்டாம், ஆனால் முதல் ஆளாக வண்டியில் ஏறி ஜன்னல் ஓரம் பிடித்துவிடுவார்.

முப்பத்தோரு வருஷம்

பொன்மலையிலிருந்து சூசைராஜ் என்று ஒருத்தர் வந்தார். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, மனைவி எழுதிக் கொடுத்ததாகச் சொல்லி நீட்டினார். கொடைக்கானலுக்கு மேலே ஒரு ஏரியின் பெயரும் ஒரு தேதியும் அதில் இருந்தன. அங்கே லாட்ஜ் கிடையாது, கேபின்தான் என்றேன். மனிதர் அப்படியே என்னைப் பார்த்தார்.

அவருக்குத் தெரிந்த கேபின் வேறு. ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி மாடி போட்ட சின்னக் கட்டடம் இருக்குமே, உள்ளே வரிசையாக இரும்பு லீவர் இருக்குமே, அந்த சிக்னல் கேபின். அடுத்த கேபினைக் கூப்பிட்டு, பாதை காலியா என்று கேட்டு, அவன் 'லைன் கிளியர்' கொடுத்தால்தான் இங்கிருந்து வண்டியை விடுவார்களாம். கொடுக்காவிட்டால் எப்பேர்ப்பட்ட எக்ஸ்பிரஸும் நிற்க வேண்டியதுதானாம். இதைப் பத்து நிமிஷம் விளக்கிவிட்டு என்னிடம் கேட்டார்: "முப்பத்தோரு வருஷம் கேபின்ல இருந்ததுக்கு எனக்குச் சம்பளம் கொடுத்தாங்க. இப்ப அதே கேபின்ல போய் உக்கார நான் காசு கொடுக்கணுமாம்மா?"

முருங்கைக்காய்ப் பை

மரக் கேபினின் போட்டோவைக் காட்டியதும் சமாதானமானார். ஆனால் ரெண்டு கேபின் வேணும், நடுவில் எவ்வளவு தூரம் இருக்கோ அவ்வளவுக்கு நல்லது என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

மறுநாள் காலையில் அவர் மனைவி பிலோமினா வந்து நின்றார். காந்தி மார்க்கெட்டுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. விஷயம் இதுதான். மகள் ஸ்டெல்லா, மாதா கோயிலில் வைக்காமல் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் பண்ணிக்கொண்டு பெங்களூர் போனவள். அஞ்சு வருஷமாக அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேத்தியை சூசைராஜ் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். அவர் வீட்டுக்கு அவள் வரமாட்டாள், அவள் வீட்டுக்கு இவர் போகமாட்டார். அதனால் பொதுவாக ஒரு ஏரிக்கரையைப் பிடித்திருக்கிறார் அந்த அம்மா. ரெண்டு கேபின் கொடுத்தால் ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொள்வார்கள், இந்தத் தடவையும் பேசாமல் போனால் பெண் இனிமேல் வரவே மாட்டாள் என்று சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது.

பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு கேபினும் காலியாகத்தான் இருந்தன. மழைக்காலம், கேட்க ஆளில்லை. ஒண்ணுதான் இருக்கு என்று நான் சொல்ல வேண்டுமாம். பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை என்று இழுத்தேன். அவர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: "பொய்யை நீங்க சொல்லுங்கம்மா. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் நான் பண்ணிக்கிறேன்."

ஏரியில் தண்ணீர்

நடுவில் மற்ற வியாபாரமும் நடக்கணுமே. மருங்காபுரியிலிருந்து நிலக்கடலை பயிரிடுகிற ஒரு விவசாயி போன் செய்தார். மகன் வற்புறுத்துகிறானாம், அதே ஏரிக்குப் போகணுமாம். எத்தனை அறை, சாப்பாடு என்ன, ஒன்றும் கேட்கவில்லை. ஏரியில் தண்ணி இருக்கா என்றார். இருக்கு என்றேன். இப்ப சரி, சித்திரையில் இருக்குமா என்றார். வருஷம் பூரா ததும்பி நிற்கும் சார், படகு விடுவார்கள் என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் ரொம்பக் கவலையான குரலில் கேட்டார்: "வருஷம் பூரா நிக்குதா? மடையைத் திறக்காம அங்க இருக்கிறவன் என்னத்தைத்தான் வெள்ளாமை பண்றான்?"

எட்டு மணி போன்

ஒரே ஒரு கேபின்தான் காலி சார் என்று சூசைராஜிடம் சொல்லிவிட்டேன். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். அப்படிப் பார்த்தால் ட்ராவல்ஸ்காரர்கள் அத்தனை பேரும் பட்டினிதான். ஆனால் மனிதர் விடுவதாக இல்லை. தினமும் காலை சரியாக எட்டு மணிக்குப் போன். ஏதாவது கேன்சல் ஆச்சா? ஆகலை சார். நானும் பத்து நாள் பல் தேய்த்த கையோடு ஒரு பொய் சொன்னேன். கிளம்புவதற்கு முந்தின நாள், எனக்கே தாங்காமல், உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்: "பரவாயில்லம்மா. ஆனா அந்தப் புள்ள வந்தா நான் வெளிய வராண்டாவுலதான் படுப்பேன், ஒரு போர்வை அதிகமா வைக்கச் சொல்லுங்க."

பெருமாளும் கழிப்பறையும்

சூசைராஜ் குடும்பம் மலை ஏறிய அன்று என் நேரம், கேரவன் கேட்டு உத்தர வீதியிலிருந்து ஒரு மாமாவும் மாமியும் வந்தார்கள். ஆத்துப் பூஜையில் இருக்கிற பெருமாளுக்கு ஒரு வேளை திருவாராதனம் தவறக்கூடாது, அதனால் பெருமாளையும் கூடவே எழுந்தருளப் பண்ணிக்கொண்டு போகணும் என்றார் மாமா. பேஷாக என்றேன். வண்டியின் படத்தைப் பார்த்தவர் கழிப்பறைக் கதவில் விரலை வைத்தார். தளிகை பண்ணுகிற அடுப்புக்கும் அதற்கும் ரெண்டு முழம்தான் இருந்தது.

எனக்கோ மனசு முழுக்க ஏரிக்கரையில். அன்று மழையில் அங்கே டவர் போய்விட்டது. என்ன நடக்கிறது என்றும் தெரியாது. கேபினைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் ரெண்டாம் நம்பரைப் பூட்டியே வை, யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தேன். அந்த யோசனையிலேயே, கழிப்பறையைப் பூட்டிச் சாவியை உங்களிடமே கொடுத்துவிடுகிறேன், திறக்கவே வேண்டாம் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. மாமி தலையைத் தூக்காமலே சொன்னார்: "பெருமாள் சரின்னுடுவார். உடம்புல சர்க்கரையை வச்சுண்டு, பூட்டின கதவைப் பார்த்துண்டு திண்டுக்கல் வரைக்கும் இவர் தாங்குவாரான்னு கேளுங்கோ."

ரெண்டாம் நம்பர்

நாலாம் நாள் காலை எட்டு மணி. போன் வரவில்லை, ஆளே வந்துவிட்டார். சூசைராஜ் உட்கார்ந்து, ஒரு பை நிறைய மலைப்பூண்டை மேஜை மேல் வைத்தார். பேத்தி தன்னை 'தாத்தா டிரெயின்' என்று கூப்பிடுவதாகச் சொன்னார். அப்புறம், ரெண்டாம் நம்பர் கேபின் ரெண்டு நாளும் பூட்டியே கிடந்தது, முதல் நாளே பார்த்துவிட்டேன் என்றார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு, மன்னிச்சுக்குங்க சார், எனக்குத் தெரிஞ்சுதான் செஞ்சேன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. முதல் நாள் ராத்திரி யாரும் யாருடனும் பேசவில்லையாம். வராண்டாவில் படுக்கப் போனால் சாரல், உள்ளே வந்துவிட்டாராம். விடிகாலையில் இவர் குளியலறைக்குள் இருக்க, வெளியே கதவைத் தட்டி, "அப்பா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்றாளாம் ஸ்டெல்லா. அஞ்சு வருஷத்தில் முதல் வார்த்தை. இவர் தன்னையறியாமல், "இதோ வந்துட்டேம்மா" என்றிருக்கிறார். அதற்கப்புறம் பேச்சை நிறுத்தத்தான் ஆளில்லையாம்.

எழுந்து படி வரைக்கும் போனவர் திரும்பி நின்றார்: "ரெண்டு கேபின் இருந்தாத்தாம்மா, அவன் முதல்ல லைன் கிளியர் கொடுக்கட்டும்னு இவன் நிப்பான். ஒரே கேபின்ல யாருகிட்ட போய்க் கேக்குறது?"

அன்றிலிருந்து யார் வந்து ரெண்டு கேபின் கேட்டாலும், அவர்கள் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எத்தனை காலி என்று சொல்கிறேன்.