விக்டோரியாவில் கவிழ்த்த வாளி

பிள்ளைகளே, மாமா தந்த கண்ணாடித் தொட்டி மீன் நாலையும் நான் கொன்று கொய்யா மரத்தடியில் புதைத்தது உங்களுக்கு இன்னும் ஆறவில்லை. சின்னவள் என்னோடு பேசி மூன்று நாளாகிறது. "ஆத்துல விட்டிருந்தா பொழச்சிருக்கும்ல அப்பா?" என்று பெரியவன் கேட்டான். பிழைத்திருக்கும். அதனால்தான் விடவில்லை. வாயால் சொல்லப் போனால் கத்திவிடுவேன் என்று எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் விட்டுவிடுங்கள்.

பெரியவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் மஹய்யாவையிலிருந்து பஸ் ஏறி தெல்தெனிய போவேன். மாமா வத்தேகமயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேருவார். மகாவலியை மறித்துக் கட்டிய விக்டோரியா டேமில் ஒரு படகுக்காரர் இருந்தார். முஸ்லிம் மனிதர், அவர்கள் அண்ணனைச் சொல்வதுபோல நானா என்றுதான் கூப்பிடுவேன். மற்ற நாளெல்லாம் வலை போட்டு திலாப்பியா பிடிப்பார். அந்த வலையை நம்பித்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது. ஞாயிறு மட்டும் எங்களை ஏற்றிக்கொள்வார்.

நாங்கள் பிடிக்கப் போனது லெஹெல்லா. பெரிய செதில் மீன். அணை கட்டிய பிறகு கீழ் ஆற்றுக்குப் போக வழியில்லாமல், அந்தத் தண்ணீருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு ஓரிடத்தில் உட்கார்ந்து தூண்டில் போட்டால் சரிவராது. உயிருள்ள சின்ன மீனை முள்ளில் கோர்த்து, நீள நூலில் பின்னால் விட்டு, என்ஜினைக் குறைத்து மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டே போக வேண்டும். நானாவுக்கு ஒரே ஒரு கண்டிப்பு. இரை மீனை அவரே கரையோரம் சின்ன வலை வீசிப் பிடித்துத் தருவார். "இந்தத் தண்ணிட மீன்தான் இந்தத் தண்ணிக்குள்ள போகோணும் தம்பி. வெளி மீன் வாணாம்" என்பார்.

மாமாவுக்கு அது ஏறவில்லை. அவர் வீட்டுப் பின்பக்கம் அலங்கார மீன் தொட்டிகள் இருந்தன. கத்தி மாதிரித் தட்டையாக, வால்பக்கம் கறுப்புப் பொட்டு வைத்த ஒரு சாதி அவரிடம் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டது. வாங்க ஆளில்லை. ஒரு ஞாயிறு அதன் குஞ்சுகளைப் பொலித்தீன் பையில் நிரப்பிக்கொண்டு வந்தார்.

"நானா வேணாம்னு சொல்லியிருக்காரே மச்சான்."

"நீங்க என்ன அவருக்குப் பொண்டாட்டியா? சும்மா இருங்க. எங்க பிடிச்சதுன்னு மீனு நெத்தியில எழுதியா இருக்கு?"

நானா என்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பையை வாளியில் ஊற்றிவிட்டோம். அன்று ஒரு லெஹெல்லாவும் கடிக்கவில்லை. திரும்பும்போது வாளியில் குஞ்சுகள் நிறைய மிச்சம். கரைக்கு வந்ததும் நானா பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அப்போது உங்கள் அம்மா சின்னவளைச் சுமந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். டொக்டர் நல்ல வார்த்தை சொல்லியிருக்கவில்லை. மாமா என் காதருகே வந்து, "வாயில்லா உசுரு. விட்டுடுங்க, புண்ணியம். தங்கச்சிக்கு நல்லது" என்றார். நானும் கும்பிட்டேன். தண்ணீரில் முழங்காலளவு இறங்கி, கண்ணை மூடி, வாளியைக் கவிழ்த்தேன். ஒவ்வொன்றும் மினுங்கிக்கொண்டு போனது. மனம் லேசானது. சின்னவள் நல்லபடியாகப் பிறந்தாள். அந்த வாளியால்தான் என்று நான் கொஞ்ச நாள் நம்பியும் இருந்தேன். இப்போது அதை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிறு, நானா எங்களைப் படகில் ஏற்றவில்லை. வலையைக் கரையில் விரித்துப் போட்டிருந்தார். திலாப்பியா நாலைந்துதான். மிச்சமெல்லாம் முழங்கை நீளத் தட்டை மீன், கறுப்புப் பொட்டோடு. ஒன்றின் வயிற்றைக் கீறிக் காட்டினார். உள்ளே விரல் நீளத் திலாப்பியாக் குஞ்சுகள்.

"இது எங்கால வந்திச்சு எண்டு தெரியுமா தம்பி?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "வெள்ளத்துல எங்கயாச்சும் இருந்து வந்திருக்கும் நானா" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

அடுத்த நாள் வத்தேகமக்குப் போனேன். மாமா கதிரையில் உட்கார்ந்து, அதே சாதிக் குஞ்சுகளைப் பைகளில் கட்டிக்கொண்டிருந்தார். மஹியங்கனைப் பக்கம் மீன் பிடிக்கிறவர்களுக்கு இரையாம்.

"மச்சான், வந்து நானாகிட்ட உண்மையச் சொல்லுங்க. இத வளர்க்கிறதையும் விடுங்க."

"நான் எதுக்குச் சொல்லணும்? கும்பிட்டு ஊத்துனது யாரு? என் கையா, உங்க கையா?"

"கொண்டாந்தது நீங்க."

"ஒங்க புள்ள உசுரோட இருக்கால்ல? அப்புறம் என்ன மயித்துக்கு மீன் கணக்குப் பேச வாரீங்க!"

பக்கத்திலிருந்த தொட்டியைக் காலால் உதைத்தேன். கண்ணாடி உடைந்தது. அம்மாவின் அண்ணன் என்றும் பார்க்கவில்லை. நாம் அந்த வீட்டுப் படி ஏறாததற்குக் காரணம் இதுதான். அதற்காக நான் வருத்தப்படவில்லை. அவர் இன்னும் விற்கிறார்.

வருத்தம் நானாவை நினைத்துத்தான். தனியாகப் போய்ச் சொன்னேன். பிள்ளைக்காகச் செய்தேன் என்பதையும் சொன்னேன். அவர் வலையிலிருந்து முள்ளெடுத்துக்கொண்டே கேட்டார். ஏசவில்லை. கடைசியில் தலையைத் தூக்கினார்.

"ஒங்கட புள்ள நல்லா ஈக்கட்டும். எனக்கும் மூணு புள்ள ஈக்கிது தம்பி. இனி இந்தக் கரைக்கு வராதீங்க."

நான் போகவில்லை. போன மாதம் தெல்தெனிய சந்தியில் அவரைக் கண்டேன். படகை விற்றுவிட்டு கட்டட வேலைக்குச் சீமெந்து சுமக்கிறார். என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போலத் திரும்பிக்கொண்டார்.

மறுவாரம் மாமா யாரோ கையில் உங்களுக்குத் தொட்டி கொடுத்தனுப்பினார். குஞ்சுகளின் வால்பக்கம் கறுப்புப் பொட்டு. இதை உயிரோடு வைக்க மாட்டேன் என்று வாளியில் ஊற்றினேன். வாளியைத் தூக்கிக்கொண்டு, "கான்ல விடலாம்பா, பாவம்" என்றாள் சின்னவள். நம் வீட்டோரக் கானில் ஓடும் கழிவுத் தண்ணீரும் கடைசியில் மகாவலிக்குத்தான் போகிறது, மகளே. அவள் கையிலிருந்து வாளியைப் பிடுங்கியது அதனால்தான்.

அவள் அழுதாள். அழட்டும். அந்த வாளியை அவள் கவிழ்க்கவில்லை.