ஒரு கூடை பயம்

டுடோரியல் வாத்தியார் வேலைன்றது, பள்ளிக்கூடம் கைவிட்ட ஆளுங்கள மத்தியான வெயில்ல தூங்காம பாத்துக்கிற வேலை. பிட்டு கதை வரும், பறக்கும் படை கதை வரும்னுதானே நிமிந்து ஒக்காந்தீங்க? ஏமாந்தீங்க. செவப்பு இங்க்கால கண்ணைக் கெடுத்துக்கின என் சக பாவிங்களே, இது ஒரே ஒரு எழுத்தோட கதை.

கூடையில இன்னா?

1991. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் எதிர்ல, சைக்கிள் கடை மாடியில எங்க டுடோரியல். அங்க படிக்க வந்த சுலோச்சனாவுக்கு முப்பது வயசு. ஒரகடம் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனியில பேக்கிங், டெம்பரவரி. பத்தாவது பாஸ்னு சர்டிபிகேட் காட்டினாதான் பர்மனென்ட். எல்லா பேப்பரும் தாண்டிட்டா, தமிழ் மட்டும் ரெண்டு தடவ கவுத்துடுச்சு. அக்டோபர் பரீட்சைதான் கடைசி சான்ஸ்னு கம்பெனியில சொல்லிட்டாங்க.

'என் குடும்பம்'னு கட்டுரை குடுத்தேன். எழுதியிருந்தா: 'என் அம்மா ஸ்டேஷனில் பயம் விற்கிறார். காலையில் கூடை நிறைய பயம் இருக்கும். மாலையில் மிச்சமான பயத்தை நாங்கள் பங்கு போட்டுச் சாப்பிடுவோம்.'

என் பேனா அப்படியே நின்னுடுச்சு. ஃபேன் மெதுவா சுத்துது. கண்ணு சொக்குது. ட்ரெயின் வந்து நிக்குது. ஜனங்க ஜன்னல் வழியா கைய நீட்டி, அவங்கவங்களுக்கு வேண்டிய பயத்த அமுக்கிப் பாத்து, மோந்து பாத்து, மடியில கட்டிக்கினு போறாங்க. நல்லா பழுத்த பயம் ஒண்ணு என் கைக்கும் வந்துச்சு. திடுக்குனு முழிச்சி, "பழம்மா, பழம்! பயம் இல்ல!"ன்னு கத்தினேன். சுலோ சாந்தமா கேட்டா: "அதயேதான சார் நானும் எழுதிகீறேன்?"

ரேடியோ ஐயா

நமக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை மிமிக்ரி. ரேடியோல செய்தி வாசிக்கிற ஒருத்தர் கொரல எடுத்தேன். தாடைய லேசா தூக்கி, "வா...ழைப் ப...ழம்"னேன். நாக்கு மேல சுருண்டு, பாயசத்துல முந்திரி கணக்கா எழுத்து வழுக்கிக்கினு வந்துச்சு. தூங்கின பெஞ்செல்லாம் எழுந்து ஒக்காந்துச்சு. அன்னிலேர்ந்து மூணு மாசம் டிக்டேஷன் எல்லாம் அந்தக் கொரல்லதான்.

சுலோ அந்த ரேடியோ ஐயாவ கம்பெனி பேக்கிங் லைனுக்கே கூட்டிக்கினு போயிட்டா. பாக்கெட் அடுக்க அடுக்க, "மழை... கோழி... கிழமை..."ன்னு அவரு கொரல்லயே முணுமுணுப்பாளாம். ரவுண்ட்ஸ் வந்த சூப்பர்வைசர் மிஷின் பின்னாடியெல்லாம் குனிஞ்சி தேடிட்டு கேட்டாராம்: "யாரும்மா லைன்ல ரேடியோ வெச்சது?"

தொண்டை கட்டின அன்னிக்கி

பரீட்சைக்கு ஒரு வாரம். கடைசி டிக்டேஷன். எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, ரேடியோ ஐயா வரமாட்டேன்னுட்டாரு. சரின்னு சொந்தக் கொரல்லயே படிச்சேன். வெளிய தூறல், உள்ள ஃபேன் சத்தம், பாதி பேரு கனவுல எழுதறாங்க.

சுலோ நோட்டைப் பாத்தேன். 'மயை பெய்தது. கோயி நனைந்தது. பயம் அயுகியது.' போச்சு, மூணு மாசமும் போச்சு! "இன்னாமா இது? பர்மனென்ட் வேணாமா உனக்கு?"ன்னு அவ எழுதினத சத்தமா படிச்சிக் காட்டி பொரிஞ்சேன். அவ நிமிரவே இல்ல. கண்ணு ரெண்டும் நெறஞ்சிடுச்சு.

மயைக்கு, மன்னிக்கணும், மழைக்கு ஒதுங்கி, மாடிப்படியில கூடையோட ஒக்காந்திருந்தாங்க அவங்கம்மா. மொத்த டிக்டேஷனயும் கேட்டுக்கினு இருந்திருக்காங்க. அங்கேர்ந்தே கொரல் குடுத்தாங்க: "எம் பொண்ண ஏன் வைற? நீ சொன்னதத்தான எழுதிகீது! ரேடியோக்காரரு மாதிரி பேசுனா உனுக்கு நாக்கு மடங்குது வாத்தியாரே, சொந்தக் கொரல்ல பேசுனா உனுக்கும் பயந்தான் வருது!"

காதுல ரேடியோ ஐயாவ மட்டும் வெச்சிக்கினு எழுதின சுலோ அந்த அக்டோபர்லயே பாஸாகி பர்மனென்ட் ஆயிட்டா. வாத்தியாருக்குத்தான் தமிழ்ல இன்னும் அரியர்ஸ்.