அந்தோணியின் பெயரில் நான் எழுதிய நேரம்

அந்தோணி போய்விட்டான். இன்று காலை, ஹெப்பகோடி வீட்டில், நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூடத் தாங்கவில்லை... நாற்பத்து நான்கு வயது.

தொம்மலூர் ஆபீஸில் ஐந்து வருஷம் என் பக்கத்து சீட். அப்போது கே.ஜி.எஃப்.பிலிருந்து தினமும் ரயிலில் வருவான். பங்காரப்பேட்டையில் ஏறுகிறவர்களுக்குப் பையைப் போட்டு சீட் பிடித்து வைப்பான், அதற்காகச் சண்டையும் வாங்குவான்.

"உனக்கு ஏன் இந்த வம்பு?" என்றால், "நாளிக்கி சாயந்திரம் திரும்பும்போது நான் லேட்டா வந்தா அவுங்க புடிப்பாங்கம்மா" என்பான்.

ஐ.டி.யில் இல்லாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு புரோகிராமுக்குள் பல வேலைகள் ஒரே சமயத்தில் ஓடும். ஒவ்வொன்றும் ஒரு த்ரெட். எங்களுடையதில் எட்டு. எந்த த்ரெட் பிராசஸரை எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று அளந்து ரிப்போர்ட் கொடுத்தது நான்தான்.

அந்தோணி எழுதிய த்ரெட்டுக்கு மட்டும் சிவப்பு, அளவுக்கு மேல் நேரம் எடுக்கிறது என்று. மீட்டிங்கில் பெரிய ஸ்கிரீனில், அவன் பெயர் போட்டு.

"என் த்ரெட் பாதி நேரம் சும்மா படுத்துனு கீது கவிதா. இது எப்டி இவ்ளோ திங்கும்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"நம்பர் அப்படித்தான் சொல்லுது அந்தோணி" என்றேன்.

அடுத்த மாதம் ஆட்குறைப்பு. லிஸ்ட்டில் அவன். காரணமாக என் ரிப்போர்ட்டைத்தான் காட்டினார்கள்.

அவன் எழுதியதை வேறொருவர் முழுசாக மாற்றி எழுதினார். சிவப்பு குறையவே இல்லை. அப்புறம்தான் நேரத்தை அளக்க நான் எழுதியிருந்ததைத் திறந்து பார்த்தேன்... ஏழு த்ரெட்டுக்குச் சரியாக எழுதியிருக்கிறேன். கடைசியில் அவசரமாகச் சேர்த்தது அவனுடையது. அவன் த்ரெட்டின் நேரத்தைக் கேட்க வேண்டிய இடத்தில் மொத்த புரோகிராமின் நேரத்தைக் கேட்டிருக்கிறேன். வீட்டு மீட்டரைப் பார்த்துவிட்டு ஒரு ஃபேன் மேல் பழி போட்ட மாதிரி.

ஒரே ஒரு வரி. திருத்தினேன். "சின்ன மாற்றம்" என்று குறிப்பு எழுதி செக்-இன் செய்து, புரோகிராமில் சேர்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு ப்ரமோஷன் வர இருந்த நேரம். பயம்.

பத்து நாள் கழித்து அவனே போன் செய்தான். "ஒரே ஒரு வாட்டி திரும்ப அளந்து பாரேன் கவிதா. இன்டர்வியூல கேக்குறாங்கோ... இன்னா சொல்றதுன்னு தெரில."

"பாக்குறேன் அந்தோணி" என்றேன். எல்லாம் தெரிந்துகொண்டேதான் சொன்னேன்.

அதற்கப்புறம் அவனுக்கு நிரந்தரமாக எதுவும் அமையவில்லை. ஹெப்பகோடியில் ஒரு சின்ன கம்பெனியில் கான்ட்ராக்ட். நான் டீம் லீட் ஆனேன்.

இன்று போயிருந்தேன். அவன் மனைவி ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நீங்க கூடவே வேலை செஞ்சவுங்க. நெஜமாவே அவருக்கு வேலை தெரியாதாக்கா? தனக்கே டவுட்டா கீதுன்னு சொல்லினே இருந்தாரு..."

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்று முனகிவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடினேன். அவ்வளவு கோழை நான்.

நாளை கே.ஜி.எஃப்.பில் அடக்கம். பழைய டீம் ஆட்கள் எல்லோரையும், மானேஜரையும் சேர்த்து, இந்தப் பதிவில் டேக் செய்திருக்கிறேன்.

ஸ்டெல்லா, அவனுக்கு வேலை நன்றாகத் தெரியும். அவன் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னுடையது, அது எனக்கு அப்போதே தெரியும்.

போய் வா அந்தோணி.