சனிக்கிழமைகளைத் தந்த பவானி அக்கா

பவானி அக்கா காலமான செய்தி நேற்றுக் காலை தொலைபேசியில் வந்தபோது, மகனுக்கு மூக்குக் குழாய் வழியே பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். சொன்னவர் கொட்டாஞ்சேனையில் இருக்கும் அவருடைய தம்பி. பால் இறங்கி முடியும்வரை என்னால் அழவும் முடியவில்லை.

உங்களில் பலர் அக்காவை ஒரு கப்பல் கம்பனியின் எழுதுவினைஞராக அறிந்திருப்பீர்கள். நான் அவரைச் சந்தித்தது பிள்ளைகளின் கிளினிக்கில். அவருடைய மகளும் குழாயில் பால் குடித்து வளர்ந்து, சிறு வயதிலேயே போய்விட்டவள். அதன் பிறகும் தாய்மாரோடு பேசுவதற்காக அங்கே வருவார்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்த புதிது. போரில் பாதை மூடியதால் கணவர் ஊரிலேயே அகப்பட்டுவிட்டார். கிளினிக்கில் எல்லோரும் பிள்ளையை விசாரிப்பார்கள். அக்கா, "நீர் எப்பிடி இருக்கிறீர்?" என்று கேட்டார்.

"சில நேரம் நானும் பிள்ளையும் எழும்பாமலே போனா நல்லம் எண்டு இருக்கு, அக்கா."

அவர் பதறவில்லை. புத்தியும் சொல்லவில்லை. "நானும் அப்பிடி நினைச்சனான். இது தாய்க்கு வாற வருத்தம். இதுக்கும் டொக்டர் இருக்கினம். வாரும், நானும் கூட வாறன்."

அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிச் சென்றார். பிறகு சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்து, மகனைத் தான் பார்த்துக்கொண்டு என்னைக் கடற்கரைக்கு அனுப்புவார். நானோ எங்கள் வீட்டு ஒழுங்கை முடிவிலேயே திரும்பிவிடுவேன். என் கை இல்லாவிட்டால் அவன் பிழைக்கமாட்டான் என்று நம்பியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை இராணுவத்தின் சுற்றிவளைப்பு. விசாரணைக்கென்று என்னை வண்டியில் ஏற்றினார்கள். அக்கா பிள்ளையைக் காட்டிச் சிங்களத்தில் மன்றாடியதில், அவரை மட்டும் வீட்டில் நிற்க விட்டார்கள். பின்னேரம் என்னை விட்டதும் ஓடிவந்தேன். மகன் வேறு சட்டையில் அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"ஒருக்கா குடிச்ச பாலைச் சத்தி எடுத்தவன். துடைச்சுப்போட்டு, கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் குடுத்தனான். அவ்வளவுதான்" என்றார் அக்கா.

அவ்வளவுதானா? அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அடுத்த சனிக்கிழமை தண்டவாளத்தைக் கடந்து, பாறையில் அமர்ந்து, கடலை வாங்கிச் சாப்பிட்டேன். காற்றில் தலை கலைந்ததுகூடச் சுகமாக இருந்தது.

மெல்ல மெல்ல மற்றத் தாய்மாரும் சேர்ந்தார்கள். ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்க்கப் பழகினோம்.

நாளை அக்காவின் இறுதிக்கிரியை. மகனைப் பார்க்கக் கல்கிசையிலிருந்து ஒரு தாய் வருகிறார். நான் கதவைச் சாத்திவிட்டு, பஸ் ஏறி, அக்காவுக்குப் பூப்போடப் போவேன். அப்படிப் போகமுடிகிற மனம்தான் அவர் எனக்கு விட்டுச்சென்றது.