அவசரத்துக்கு வைத்த பெட்ரோல்

நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருஷம் நான் காட்டிய கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால், என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. இரண்டு நாள் வரிசையில் கிடந்து, கிடைத்த பெட்ரோலை என் பழைய காரில் ஊற்றிக்கொண்டு வந்து, கட்டுகஸ்தோட்டை வீட்டுக் கொட்டகையில் நிறுத்திப் பூட்டினேன். படிப்பிக்கும் பாடசாலைக்கு நடந்து போனேன். யார் கேட்டாலும், அவசரத்துக்கு இருக்கட்டும் என்றேன்.

அவசரம் என்று நான் நினைத்தது அக்காவை. கலஹாவுக்கு மேலே தோட்டத்தில் மகளோடு இருந்தாள். பிரஷர்காரி. தோட்டத்து லொறிக்கு டீசல் இல்லை, பஸ் வந்தால் வந்தது. “ஒனக்கு ஒண்ணுன்னா நான் காரோட வந்து நிப்பேன்” என்று அவளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

என்னைவிட வயதில் மூத்த கார் அது. அப்படிப்பட்டதை வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓடவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஐந்து நிமிஷம் எஞ்சின் ஓடினால் எத்தனை சொட்டுப் போகும் என்று மனம் கணக்குப் போட்டது. நாலு மாதம் அதைத் தொடவே இல்லை. துணியால் மட்டும் துடைத்தேன்.

ஒரு நாள் காலை ஆறரைக்கு அக்காவின் மகள் போன் எடுத்தாள். “மாமா, அம்மாவுக்கு வாய் ஒரு பக்கமா இழுக்குது. வலது கையத் தூக்க முடியல. சுருக்கா வாங்க மாமா.”

“இந்தா, கெளம்பிட்டேன்” என்றேன். அப்போது நான் படுத்தெழுந்த சாரத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

சோக்கை இழுத்துச் சாவியைத் திருகினேன். பட்டரி ஒரு முனகலோடு படுத்துவிட்டது. போகட்டும், ஹேண்டில் இருக்கிறதே என்று அதை முன்னால் செருகிச் சுற்றினேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. பிளக்குகளைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். மறுபடி சுற்றினேன். “அந்தோனியாரே, ஒரு தரம், ஒரே ஒரு தரம்” என்று வாய்விட்டுக் கெஞ்சினேன். பிறகு அதே வாயால் காரைத் திட்டினேன். பனியன் நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது.

ஏழு மணி தாண்டி மறுபடி போன். “எங்க வாறீங்க மாமா?”

“பேராதன தாண்டிட்டேன்” என்றேன், பாதி வழி வந்துவிட்டவன் போல.

நம் ஊரில் யார்தான் சொல்லாத பொய்? குளிக்கப் போகிறவன் பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்பான். கேட்கிறவரும் அதோடு அரை மணித்தியாலம் கூட்டிக்கொள்வார். அந்தப் பிள்ளை பதறாமல் இருக்கட்டும் என்று சொன்னேன். இப்போதே ஸ்டார்ட்டாகிவிடும், பறந்து போய்ப் பிடித்துவிடலாம் என்று நானும் நம்பினேன்.

என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு முஸ்லிம் நானா வந்தார். அலவத்துகொடைக்காரர், ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறவர். காபுரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார். அடியில் பிசின் போலப் பச்சையாக உறைந்திருந்தது.

“சேர், இதுல ஈக்கிறது பெட்ரோல் இல்ல, வார்னிஷ். இத வச்சி நாள் முழுக்கச் சுத்தினாலும் தீப் பத்தாது.”

நான் காவல் காத்த பெட்ரோல் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முன்னால் அழுதேன்.

“அழ வாணாம் சேர், நேரம் போகுது” என்று தன் மோட்டார் சைக்கிளிலிருந்து குழாய் போட்டு வாயால் உறிஞ்சி, ஒரு போத்தல் நல்ல பெட்ரோல் எடுத்தார். காபுரேட்டரின் சின்னத் துளையான ஜெட்டை அதில் கழுவி, மெல்லிய கம்பியால் குத்தி, ஊதி ஊதி அடைப்பெடுத்தோம். டாங்கில் கிடந்ததை வடித்துச் சாக்கடைக் கானில் கொட்டினோம். மோட்டார் சைக்கிளில் இருந்த மிச்சத்தையும் அவர் எனக்கே ஊற்றினார். நடுவில் போன் இரண்டு தடவை அடித்தது. நான் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது?

ஒன்பது மணிக்கு எஞ்சின் பிடித்தது. கலஹா ஏற்றத்தை எப்படி ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. தோட்டத்து லய வீட்டு வாசலில் அக்காவுக்கு நல்ல சேலை உடுத்தி, கதிரையில் உட்காரவைத்திருந்தார்கள். தலை சாய்ந்திருந்தது. கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை. பேராதனை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது பதினொன்றாகிவிட்டது. இன்னும் நேரத்தோடு கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டார்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். பேச்சு மட்டும் திரும்பவில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் மகள் சொன்னாள். என்னைக் குற்றம் சொல்லும் குரலே இல்லை. அந்தப் பிள்ளைக்கு என் பொய் தெரியாது, வழியில் கார் பழுதாகிவிட்டது என்றே நினைத்திருந்தாள்.

“நீங்க பேராதன தாண்டிட்டேன்னு சொன்ன ஒடனே பால் வண்டி வந்துச்சி மாமா. பேராதனைக்குத்தான் போகுது, ஏத்திக்கிறோம்னாங்க. நான் ஏறச் சொன்னேன். அம்மாதான் மாட்டேன்னுச்சி. அப்ப கொழறிக் கொழறிப் பேசிச்சி மாமா. அப்புறம் பேசவே இல்ல.”

“என்னம்மா சொன்னிச்சி?” என்று கேட்டேன்.

“தம்பி கிட்ட வந்துட்டான், நான் போயிட்டா வந்து தேடுவான்னுச்சி.”