மெல்பேணுக்குப் போன எட்டு றபானும் திரும்பி வந்த வைக்கோலும்

ஒலுவில் துறைமுகம் எங்கள் வீட்டிலிருந்து இருபது கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. அப்படியிருக்க, ஒரு பெட்டியைக் கப்பலில் போட 352 கிலோமீற்றர் தள்ளிக் கொழும்புக்கு ஏன் போனாய் என்று கேட்காத ஆள் மருதமுனையில் இல்லை. ஒலுவிலில் நிற்பவை மீன்பிடிப் படகுகள். அவை மெல்பேணுக்குப் போவதில்லை. இதை ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலித்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன். வெளிநாட்டுக்குக் கடல்வழியாக இசைக்கருவி அனுப்ப நினைக்கிறவர்களுக்கு உதவினால் சந்தோஷம்.

என்னைக் காக்கா என்று கூப்பிடும் தம்பி நவாஸ் மெல்பேணுக்குப் போய் ஒன்பது வருடம். ஊரில் இருந்தபோது றபான் கோஷ்டியில் முன்னால் நின்று அடித்தவன். பலாக்கட்டை வளையத்தில் ஆட்டுத்தோல் போர்த்திய கைமேளம்தான் றபான். போன வருடம் அங்கே ஆறு பேரைச் சேர்த்திருக்கிறான். இரண்டு டாக்சிக்காரர், ஒரு பேக்கரிக்காரர், மற்றவர்களுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஞாயிறுதோறும் பெயின்ற் வாளிகளைக் கவிழ்த்துவைத்துப் பயிற்சி. வீட்டில் நாங்கள் அவர்களுக்கு வாளிக் கோஷ்டி என்று பெயர் வைத்துவிட்டோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர்களுக்கு நகரசபை விழாவில் பதினைந்து நிமிடம் கிடைத்துவிட்டது. மே மாதம் முதல் சனிக்கிழமை.

"காக்கா, வாளியோட மேடையில ஏற ஏலா" என்று நவாஸ் தொலைபேசியில் சொன்னபோது அவன் குரலில் பகிடி இல்லை. எட்டு றபான் வேண்டுமென்றான். ஏழு பேருக்கு எட்டு எதற்கு என்று கேட்டேன். இருக்கட்டும் என்றான்.

விமானத்தில் அனுப்பக் கேட்ட விலை கடலைப்போல மூன்று மடங்கு. ஆகவே கடல். நான் நில அளவை அலுவலகத்தில் படம் வரைகிறவன். பட்டியல் போடாமல் பல்கூடத் துலக்கமாட்டேன் என்று மனைவி சொல்வாள். தோலுக்கு விலங்குச் சுகாதாரச் சான்றிதழ் எடுத்தேன். பூச்சி இல்லாதபடி வெப்பமூட்டி முத்திரை குத்திய பலகையில் 90க்கு 60க்கு 60 சென்ரிமீற்றர் பெட்டி செய்வித்தேன். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி. கோப்பைப் பார்த்து நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பெட்டியை அடைத்தது நானும் றிபாயும். றிபாய் நவாஸின் கூட்டாளி. கோஷ்டியில் எப்போதும் அவனுக்கு வலப்பக்கம் நிற்கிறவன். வேன் ஓட்டுகிறான், சாகாமத்தில் வயலும் செய்கிறான். பெரும்போக நெல் வெட்டி முடிந்த நேரம். உடையக்கூடிய சாமானென்றால் எங்கள் பக்கத்தில் வேறு யோசனையே வராது. மாம்பழமும் வைக்கோலில்தான், கல்யாணக் கோப்பை பீங்கானும் வைக்கோலில்தான். றிபாய் இரண்டு சாக்கு புது வைக்கோல் கொண்டுவந்தான். நன்றாகக் காய்ந்தது, பொன் நிறம். நானே என் கையால் இடைவெளியில்லாமல் திணித்தேன்.

மார்ச் கடைசித் திங்கட்கிழமை, சுபஹு தொழுதுவிட்டு 5.20க்குப் புறப்பட்டோம். மருதமுனைக்காரர் கொழும்புக்கு வெறும் வண்டியோடு போவதில்லை. றிபாயும் மைத்துனரின் தறியில் நெய்த, இடுப்பில் உடுக்கும் சாரன் முப்பதைக் கட்டாகக் கட்டி, புறக்கோட்டையில் ஒரு கடைக்குக் கொடுக்கப் பின்னால் போட்டிருந்தான். அம்பாறை தாண்டி மகாஓயாவில் 7.40க்குப் பிளேன்ரீ. மகியங்கனையில் சாப்பாடு. மலைப்பாதையின் பதினெட்டு வளைவில் ஏறும்போது சாப்பிட்டது தவறு என்று தெரிந்தது. நீங்கள் போனால் வளைவு முடிந்தபிறகு சாப்பிடுங்கள். கொழும்பு வந்துசேர மாலை 4.10. தெமட்டகொடையில் இருவருக்குமான அறை 5,500 ரூபா. மின்விசிறி சுற்றியது, அதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

செவ்வாய் காலை 9.15க்கு ஒருகொடவத்தைப் பக்கம் இருக்கும் பண்டகசாலைக்குப் போனோம். பலருடைய பெட்டிகளை ஒரே கொள்கலனில் சேர்த்து ஏற்றும் இடம் அது. அன்று பகல் 12 மணிக்குச் சரக்கு எடுப்பது நின்றுவிடும். அடுத்த கப்பல் இரண்டு வாரம் கழித்து. அதில் போட்டால் றபான் போய்ச்சேரும்போது விழா முடிந்திருக்கும்.

கடமையில் இருந்த பெண் என் கோப்பைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு ஒழுங்காக யாரும் கொண்டுவருவதில்லை என்றார். நான் றிபாயைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தோம். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"சேர், இது வைக்கோல். அவுஸ்திரேலியாவுக்கு இத அனுப்பவே ஏலாது. ஒரு நெல்லு கண்டாலும் அங்க பெட்டியோட அழிச்சிருவாங்க."

ஆட்டுத்தோலுக்குச் சான்றிதழ் தேடி ஓடிய மனிதனுக்கு, அதைச் சுற்றியிருந்த வைக்கோல் ஒரு பொருளாகவே கண்ணில் படவில்லை. காற்றுக்கு யாராவது அனுமதி எடுப்பார்களா? எங்களுக்கு வைக்கோல் அப்படித்தான். அழுகை வருமளவுக்கு என்மேல் எனக்குக் கோபம்.

அந்தப் பெண் நல்லவர். பன்னிரண்டு மணிக்குள் பெட்டியை ஒரு துரும்பில்லாமல் சுத்தமாக்கி, வேறு எதையாவது வைத்து அடைத்துவந்தால் ஏற்றுவதாகச் சொன்னார். மேளங்களை வெளி முற்றத்தில் எடுத்துவைத்துத் துடைக்கத் தொடங்கினோம். கட்டைக்கும் தோலுக்கும் நடுவிலுள்ள விளிம்பில் என் பல்துலக்கும் பிறஷ்ஷை விட்டுச் சுரண்டினேன். நாலாவது றபானில் இரண்டு நெல்மணி இருந்தது. பிறகு எட்டையும் முதலிலிருந்து துடைத்தேன். மணி 10.50. அடைப்பதற்கு என்ன வாங்கலாம், எங்கே வாங்கலாம் என்று நான் பட்டியல் போட்டுக்கொண்டிருக்க, றிபாய் வேனுக்குப் போய்ச் சாரன் கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தான்.

கடைக்காரருக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன்.

"சாரன் இன்னொரு கிழமையும் நெய்யலாம் காக்கா. நவாஸ்ட மேடை ஒருநாள்தான் இரிக்கி."

ஒவ்வொரு மேளத்தையும் இரண்டு சாரனால் சுற்றி, மிச்சத்தை மூலைகளில் செருகினோம். உள்ளே இருப்பதெல்லாம் பட்டியலிலும் இருக்கவேண்டும் என்பதால், 'பருத்திச் சாரன், முப்பது' என்று அந்தப் பெண்ணே திருத்தி அச்செடுத்துத் தந்தார். 11.40க்குத் தராசில் ஏறியது. 36 கிலோ. மூன்று பிரதியிலும் கையொப்பம் போட்டேன்.

வைக்கோலை றிபாய் அங்கே போடவில்லை. ஒரு துரும்பு விடாமல் பொறுக்கிச் சாக்கில் கட்டி வேனில் ஏற்றினான். திரும்பும்போதும் வெறும் வண்டியாகப் போகக்கூடாதாம்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். போய்வர டீசல் 21,000 ரூபா. ஆவணம், புகையூட்டல், கப்பல் கூலி எல்லாமாக 92,000. கூலியை எடையில் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தில்தான் பார்க்கிறார்கள். சிறிய பெட்டிக்கும் ஒரு கனமீற்றருக்கான தொகையைக் கேட்பார்கள். இறங்கும் துறைமுகத்திலும் தனியாகக் கட்டணம் உண்டு. அதை முதலே விசாரியுங்கள், நவாஸ் அங்கே கட்டியது என் 92,000ஐவிடக் கூட. கடைசி நாளில் போய் நிற்காதீர்கள், ஒரு நாள் முந்திப் போங்கள். வைக்கோல், உமி, தென்னந்தும்பு, பழைய மரப்பெட்டி எதுவும் வேண்டாம். புதுத் துணியோ நுரைத்தாளோ போதும். உங்கள் ஊரில் எல்லோரும் யோசிக்காமல் செய்கிற காரியம் எதுவோ, அதைச் சரக்கு ஏற்றிவிடும் முகவரிடம் முதலில் கேளுங்கள்.

பெட்டி இருபத்தாறு நாளில் போய்ச்சேர்ந்தது. அங்கே சோதித்தவர்கள் மேளத்தைவிடச் சாரனைத்தான் அதிக நேரம் விரித்துப் பார்த்தார்களாம். குளிரில் தோல் தளர்ந்திருந்ததால், நாம் நெருப்பில் காட்டுவதை நவாஸ் தலைமுடி காயவைக்கும் இயந்திரத்தால் செய்திருக்கிறான்.

விழா முடிந்த மறுநாள் வீடியோ வந்தது. றிபாயின் வேனுக்குள் இருந்து இருவரும் பார்த்தோம். ஏழு பேரும் ஒரே மாதிரி மருதமுனைச் சாரனில் அரைவட்டமாக நின்றார்கள். நவாஸ் நடுவில். அவனுக்கு வலப்பக்கம் யாரும் உட்காராத ஒரு கதிரை. அதன்மேல் மடித்த சாரன், சாரன்மேல் எட்டாவது றபான். அடிக்க ஆளில்லை.

எட்டாவது யாருக்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. றிபாய்க்கு என்னைவிட முதலே விளங்கியிருக்கவேண்டும். பதினைந்து நிமிடமும் அவன் விரல்கள் ஸ்டீரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன. முடிந்ததும் முகத்தைத் துடைத்துவிட்டு, வேனை ஸ்டார்ட் பண்ணினான்.

"காக்கா," என்றான், "அந்தப் பெட்டியில ஆளெண்டா எத்தின கிலோ வரைக்கும் ஏத்துவாங்க?"